யாரிடமிருந்து மறைகிறோம்? விபிஎன்னும் நம் அந்தரங்கமும்

(கீழ்பென்னாத்தூரில் இளைஞர்களுக்காக நடந்த வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இங்கே பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தம்பி என்னிடம் தன் போனை நீட்டினார். திரையின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு சாவிப் படம். "விபிஎன் போட்டுட்டேன் அண்ணா. இனிமே நான் யாருன்னு எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?" என்றார். அவர் வேறொரு பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு தன் ஊரில் நடக்கும் சாதிப் பாகுபாட்டைப் பற்றி எழுதுகிறவர். நல்ல எழுத்து. படித்திருக்கிறேன்.

நான் அவரிடம் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டேன். இந்த விபிஎன் யாருடையது? "தெரியல அண்ணா, விளம்பரத்துல வந்துச்சு, ஃப்ரீ." கணக்கை எந்த நம்பரில் தொடங்கினீர்கள்? "என் நம்பர்லதான்." அந்தக் கணக்கு நீங்கள்தான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? "நாலஞ்சு பேரு. எல்லாம் கூடப் படிச்சவங்கதான்."

"விபிஎன் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் தம்பி. ஆனா நீங்க யாருக்குப் பயப்படுறீங்களோ, அவங்க கிட்ட இருந்து உங்களை அது காப்பாத்தாது" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. டீ ஆறுவதற்குள் அதை முழுதாக விளக்க முடியவில்லை. அந்த விளக்கத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தரங்கம் என்பது நகரத்துப் பணக்காரர்களின் கவலை, கம்ப்யூட்டர் படித்தவர்களின் கவலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "மறைக்க எங்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்கிறோம். தோழர்களே, யார் எந்தத் தெருவில் நடந்தார், யார் வீட்டில் தண்ணீர் குடித்தார், எந்தப் பெண் பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று ஊர் ஓயாமல் கணக்கு வைத்துக்கொண்டே இருப்பதால்தான் ஊரும் சேரியும் இன்றுவரை இரண்டாக இருக்கின்றன. அந்தக் கணக்கை எழுதுவதை நிறுத்திவிட்டால் அகமணமுறை ஒரு தலைமுறைகூடத் தாங்காது. சாதியை நடத்திக்கொண்டிருப்பதே கண்காணிப்புதான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அம்பேத்கர் அவ்வளவு கடுமையாக மறுத்தாரே, கிராமம் யாரை எப்படிப் பார்க்கிறது என்பதை அனுபவத்தில் அறிந்தவர் அவர்.

நம் அண்ணன்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனபோது சம்பளத்தோடு இன்னொன்றும் கிடைத்தது. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்காத ஒரு தெரு. கையில் போன் வந்தபோது ஊரை விட்டுப் போகாமலே அப்படி ஒரு தெரு கிடைத்தது. அதில் அம்பேத்கரைப் படித்தோம், பெரியாரைப் படித்தோம், கேள்வி கேட்டோம், காதலித்தோம். அதனால்தான் இந்தச் சின்னத் திரையின் பாதுகாப்பு நமக்கு உயிர்ப் பிரச்சினை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் இரண்டு கோயில் நுழைவுகள் நடந்தன. ஜனவரி 30 அன்று தென்முடியனூர். ஆகஸ்ட்டில் செல்லங்குப்பம். செல்லங்குப்பத்தில் அதற்கு முன்னால் என்ன நடந்தது? ஒன்றாகப் படித்த இரண்டு இளைஞர்களுக்குள், கோயில் நுழைவு பற்றி சமூக ஊடகத்தில் வாக்குவாதம் வந்தது. அது நேரில் கைகலப்பாக மாறியது என்று செய்திகள் வந்தன. பிறகு காவல்துறைப் பாதுகாப்போடு தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். இங்கே திரையில் தட்டிய எழுத்து சில நாட்களில் தெருவுக்கு வந்துவிடும். ஆகவே "விபிஎன் என்னைக் காப்பாற்றுமா?" என்ற கேள்வி சரியான கேள்விதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. யாரிடமிருந்து?

விபிஎன் என்ன செய்கிறது?

ஒரு கடிதத்தை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து சென்னையில் ஒருவருக்குக் கடிதம் அனுப்புகிறீர்கள். உறையை ஒட்டிவிட்டதால் தபால்காரருக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆனால் யாருக்குப் போகிறது என்று தெரியும். இணையமும் ஏறக்குறைய இப்படித்தான். இன்று பெரும்பாலான தளங்களின் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறது. அதுதான் ஒட்டிய உறை. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் சிம் நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. விபிஎன் இல்லாமலே இந்த அளவுப் பாதுகாப்பு இருக்கிறது.

இப்போது திருவண்ணாமலையில் ஒரு நண்பர் இருக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு அவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் உறையைத் தன் ஊர் முத்திரையோடு சென்னைக்கு அனுப்புகிறார். உங்கள் ஊர்த் தபால்காரருக்குத் தெரிவது திருவண்ணாமலை மட்டும். சென்னைக்காரருக்குத் தெரிவதும் திருவண்ணாமலை மட்டும். அந்த நண்பர்தான் விபிஎன். உங்கள் ஐபி முகவரிக்குப் பதிலாக அவருடைய ஐபி முகவரி வெளியே தெரியும். இவ்வளவுதான் விபிஎன் செய்யும் வேலை.

இந்த ஏற்பாட்டில் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். யார்? அந்த நண்பர். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, இரண்டும் அவருக்குத் தெரியும். ஆக, விபிஎன் போட்டதால் நம்மைப் பார்க்கும் கண் மூடிவிடவில்லை. சிம் நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்துக்கு இடம் மாறியிருக்கிறது. நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறோம். அந்த இன்னொருவர் யார் என்று தெரியாமலே கொடுத்திருக்கிறோம்.

நம்மைப் பார்ப்பவர்களை நான் மூன்றாகப் பிரிக்கிறேன். ஒன்று, நம்மை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள். இரண்டு, அரசு. மூன்று, ஊரும் வீடும். முதல் ஆளிடம் விபிஎன் கொஞ்சம் உதவும். இரண்டாம் ஆளிடம் மிகக் கொஞ்சம். மூன்றாம் ஆளிடம் அறவே உதவாது.

முதல் ஆள்: நிறுவனங்கள்

ரயில் நிலையத்திலோ லாட்ஜிலோ பொது வைஃபை பயன்படுத்தும்போது விபிஎன் பயனுள்ளது. அந்த வைஃபையை வைத்திருப்பவர் நீங்கள் போகும் தளங்களைப் பார்க்க முடியாது. தடை செய்யப்பட்ட ஒரு தளத்தைத் திறக்கவும் உதவலாம். இதை மறுக்கவில்லை.

ஆனால் விபிஎன் போட்டுக்கொண்டு உங்கள் ஜிமெயிலில் நுழைந்தால் கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரியாதா? உங்கள் நம்பரில் தொடங்கிய இன்ஸ்டாகிராம் கணக்கில் நுழைந்தால் மெட்டாவுக்குத் தெரியாதா? முகமூடி போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய் குடும்ப அட்டையை நீட்டுவது போன்றது அது. ஐபி முகவரி என்பது உங்களை அடையாளம் காட்டும் பல விஷயங்களில் ஒன்று மட்டுமே. போன் நம்பர், ஜிபிஎஸ், உலாவியில் உட்கார்ந்திருக்கும் குக்கீகள், உங்கள் போனின் மாடல், மொழி, திரை அளவு எல்லாம் சேர்ந்த அடையாளம் என்று எத்தனையோ இருக்கின்றன. அவற்றையெல்லாம் விபிஎன் தொடுவதே இல்லை.

சரி, அந்த நடு ஆள் எப்படிப்பட்டவர்? 2016-இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவன ஆய்வாளர்கள் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். 18 சதவீதம் செயலிகள் தகவலை மறையாக்கம் செய்யவே இல்லை. 38 சதவீதத்தில் தீநிரலின் அறிகுறிகள் இருந்தன. 75 சதவீதம் செயலிகளுக்குள் பயனரைப் பின்தொடரும் வேறு நிறுவனங்களின் நிரல்கள் இருந்தன. அந்தரங்கத்தைக் காக்கிறேன் என்று சொல்லி வந்த செயலிகள் இவை.

ஃபேஸ்புக் 2013-இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் விபிஎன் செயலியின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருந்தது. நடந்தது என்ன? மக்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் அதன் வழியாக ஃபேஸ்புக்குக்குப் போனது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து அது வெளியேற்றப்பட்டது. பயனர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. "எந்தப் பதிவும் வைத்திருப்பதில்லை" என்று சொன்ன ஹாங்காங் நிறுவனமான யுஎஃப்ஓ விபிஎன்னின் பயனர் பதிவுகள், 2020 ஜூலையில் கடவுச்சொல்கூட இல்லாத ஒரு தரவுத்தளத்தில் கிடந்தன.

எல்லாரும் இப்படித்தானா என்றால், இல்லை. 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் காவல்துறை முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு சோதனை ஆணையோடு போனது. கேட்ட பயனர் தகவல் அவர்களிடம் இல்லவே இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லாதபடி தொழிலை அமைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காசு வாங்குகிறார்கள். ஆயிரக்கணக்கான சர்வர்களை ஓட்டும் செலவை ஒருவர் உங்களுக்காக இலவசமாகச் செய்கிறார் என்றால், அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது பகுத்தறிவு. சாமியாரிடம் கேட்கும் அதே கேள்வியைச் செயலியிடமும் கேளுங்கள்.

இரண்டாம் ஆள்: அரசு

2022 ஏப்ரல் 28 அன்று ஒன்றிய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் ஓர் ஆணை வெளியிட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி முகவரி, எதற்காக விபிஎன் வாங்குகிறார் என்ற காரணம் ஆகியவற்றைச் சேகரித்து 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ வைத்திருக்க வேண்டும் என்றது அந்த ஆணை. எதற்காக உறையை ஒட்டுகிறாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒட்டு என்கிறார்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் போன்ற நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. விருப்பம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்றே அமைச்சர் தரப்பில் பதில் வந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் உள் விபிஎன்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. முதலாளியின் வணிக ரகசியத்துக்குக் காட்டிய மரியாதை குடிமகளின் அந்தரங்கத்துக்கு இல்லை.

இது ஒரு பக்கம்தான். 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் எந்தக் கணினியையும் கண்காணிக்க 10 அமைப்புகளுக்கு அதிகாரம் கொடுத்தது. அழைப்பு, இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் வந்த விதி. உங்கள் போன் எந்த டவரின் கீழ் இருந்தது என்பது விபிஎன் வழியாகப் போகும் தகவலே கிடையாது. நீங்கள் சாவிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது, நீங்கள் வேட்டவலத்தில் இருந்தீர்களா, அவலூர்பேட்டையில் இருந்தீர்களா என்பது டவர் பதிவில் ஏறிக்கொண்டிருக்கிறது.

காஷ்மீரைப் பாருங்கள். 2019 ஆகஸ்ட்டில் இணையத்தை மூடினார்கள். 2020 ஜனவரியில் 2ஜி மட்டும் கொடுத்து, குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் அனுமதித்தார்கள். மக்கள் விபிஎன் வழியாகச் சமூக ஊடகத்துக்குப் போனார்கள். அடுத்த மாதமே அப்படிப் பயன்படுத்தியவர்கள் மீது ஊபா சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2015-லேயே செல்லாது என்று ரத்து செய்த பிரிவு அது! நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பது போக, மறைவாக எழுதினீர்கள் என்பதே குற்றமாகிவிடும் இடமும் உண்டு.

நம் தூத்துக்குடியை மறந்துவிட முடியுமா? 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை முடக்கினார்கள். 13 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி வெளியே போக வேண்டிய நேரத்தில் வழியையே அடைத்துவிட்டார்கள். சாலையே இல்லாதபோது முகமூடி போட்டுக்கொண்டு எங்கே போவது?

இதைவிட முக்கியமான பாடம் பீமா கோரேகான் வழக்கில் இருக்கிறது. 2018 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் கூடிய தலித் மக்கள் மீது வன்முறை நடந்தது. அதைத் தொடர்ந்து வந்த வழக்கில் 16 அறிவுஜீவிகளும் செயற்பாட்டாளர்களும் கைதானார்கள். ஆனந்த் டெல்டும்ப்டே அவர்களில் ஒருவர். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி இன்னொருவர். அவர்கள் கணினிகளில் கிடைத்த கோப்புகள்தான் முக்கிய ஆதாரம் என்றார்கள். அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், வழக்கறிஞர்கள் தரப்பு கொடுத்த நகல்களை ஆராய்ந்து 2021-இல் சொன்னது என்ன? ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் ஒரு மின்னஞ்சல் வழியாக நெட்வயர் என்ற தீநிரல் நுழைந்து, 22 மாதங்கள் அங்கே இருந்தது. கோப்புகளை வைத்ததே அதுதான். ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் இப்படி 40-க்கும் மேற்பட்ட கோப்புகள் வைக்கப்பட்டதாக 2022 டிசம்பரில் அதே நிறுவனம் அறிக்கை தந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே இறந்துபோனார். புலனாய்வு அமைப்பு இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை.

இங்கே கவனியுங்கள். ரோனா வில்சன் உலகத்தின் மிகச் சிறந்த விபிஎன்னை வைத்திருந்தாலும் இது நடந்திருக்கும். விபிஎன் பாதையைப் பூட்டுகிறது. வந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். 2021 ஜூலையில் வெளியான பெகாசஸ் பட்டியலும் அதே கதைதான். நம் தமிழ்நாட்டில் திருமுருகன் காந்தி, கு. இராமகிருட்டிணன் ஆகியோரின் எண்களும் அந்தப் பட்டியலில் இருந்ததாகச் செய்தி வந்தது. பட்டியலில் எண் இருந்தாலே போனுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று ஆகாது. ஆனால் யாரைக் குறிவைக்கிறார்கள் என்பதை அது காட்டியது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து 5 போன்களில் தீநிரல் இருப்பதைக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. ஒன்றிய அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்று தலைமை நீதிபதியே 2022 ஆகஸ்ட்டில் சொன்னார்.

மூன்றாம் ஆள்: ஊரும் வீடும்

தோழர்களே, இந்த அறையில் இருப்பவர்களில் பெரும்பாலோரை பெகாசஸ் தேடி வரப்போவதில்லை. நம்மைத் தேடி வருவது சித்தப்பா. பக்கத்து வீட்டுக்காரர். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவன். சாதிச் சங்கத்து வாட்ஸ்அப் குழு.

அவர்களிடம் தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. தேவையும் இல்லை. "போனைக் குடு, லாக்கைத் தொற" என்ற ஓர் அதட்டல் போதும். உங்கள் பதிவின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று போதும். எழுத்து நடையை வைத்தே "இது நம்ம தெருப் பையன் எழுத்து" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தின் பின்னணியில் தெரியும் தண்ணீர்த் தொட்டியை வைத்து ஊரைச் சொல்லிவிடுவார்கள். ஒரு பெண்ணின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவள் எழுதுவது போலவே அவளுடைய காதலனுக்குச் செய்தி அனுப்பி வரவழைக்க எந்த ஹேக்கரும் தேவையில்லை. இதில் எங்கே வருகிறது விபிஎன்?

இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் வேறு வேறு என்று நினைத்துவிடவும் முடியாது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் சாதி ஆணவக் கொலை செய்யப்பட்டார். கைதான இளைஞரின் தாய், தந்தை இருவருமே காவல்துறை உதவி ஆய்வாளர்கள். அந்த வழக்கில் யார் என்ன செய்தார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் சொல்ல வருவது பொதுவான ஒன்று. கண்காணிக்கும் அதிகாரம் வானத்திலிருந்து வேலை செய்வதில்லை. சாதி உள்ள மனிதர்களின் கையில்தான் இருக்கிறது. ஓடிப்போன ஒரு ஜோடியின் போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கக்கூடிய நாற்காலியில், பெண்ணின் உறவினர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை டெல்லியில் அந்தரங்கச் சட்டம் எழுதுகிறவர்கள் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

பிறப்பை வைத்துக் கண்காணிப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1871-இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் ஒரு சாதியில் பிறந்ததற்காகவே மக்களிடம் கைரேகை வாங்கியது, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். சட்டம் போய்விட்டது. ஒரு திருட்டு நடந்தால் முதலில் இருளர் குடியிருப்புக்குள் போகும் ஜீப் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றினால் பழைய சாதிப் பார்வையும் சேர்ந்தே ஏறும்.

ஒரு மறுப்பு

இங்கே ஒரு தோழர் என்னை மறித்துக் கேட்கலாம். பதிவுகளே இருக்கக் கூடாதா? கேமராவே வேண்டாமா?

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு இருந்த முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். ஆனாலும் கோயில் சிசிடிவி பதிவு வழக்கைத் தாங்கி நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜுக்கும் கூட்டாளிகளுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. பதிவு நம் பக்கமும் பேசியது. வன்கொடுமையை ஒரு சிறுவன் போனில் படம் பிடித்ததால் வழக்குப் பதிவான ஊர்கள் எத்தனை!

ஆகவே நம் கோரிக்கை "எதையும் பதியாதே" என்பது இல்லை. குற்றம் நடந்த பிறகு, குறிப்பிட்ட இடத்தின், குறிப்பிட்ட நேரத்தின் பதிவை நீதிமன்றத்தின் முன் வைப்பது ஒன்று. எல்லாரையும் எப்போதும் பதிந்து வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பது வேறொன்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே கொடுத்தது. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் வெட்டியது. குடிமக்கள் அரசைப் பார்க்கும் சன்னல் சுருங்குகிறது, அரசு குடிமக்களைப் பார்க்கும் சன்னல் விரிகிறது.

என்ன செய்யலாம்?

அந்தத் தம்பியிடம் நான் பிறகு சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: நான் யாரிடமிருந்து எதை மறைக்க வேண்டும்? எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துப் போடுங்கள். பதில் "வீட்டாரிடமிருந்து" என்றால் உங்களுக்குத் தேவை விபிஎன் இல்லை. யாரும் ஊகிக்க முடியாத ஆறு இலக்க எண், தூங்கும்போது விரலை வைத்துத் திறக்க முடியாத பூட்டு, பூட்டிய திரையில் செய்தி தெரியாத அமைப்பு. வாட்ஸ்அப் வெப்பில் உங்கள் கணக்கு வேறு எந்தக் கணினியில் திறந்து கிடக்கிறது என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். ஒரு தங்கச்சியின் செய்தியெல்லாம் வீட்டுக் கணினி வழியாக அண்ணனுக்குப் போய்க்கொண்டிருந்ததை நேரில் பார்த்தவன் நான்.

பேச்சை மறைக்க வேண்டுமென்றால் சிக்னல் போன்ற செயலி, அதில் தானாக மறையும் செய்திகள். 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே தேதிகள்தான்: கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சிக்னலும் காப்பாற்றாது.

வேறு பெயரில் எழுதுகிறீர்களா? உங்கள் நம்பரும், உங்கள் பழைய மின்னஞ்சலும் அந்தக் கணக்கைத் தொடவே கூடாது. நாலு பேருக்குத் தெரிந்த ரகசியம் ஊர் ரகசியம். படத்தைப் போடுமுன் பின்னணியைப் பாருங்கள். போராட்டப் படங்களில் மற்றவர் முகத்தை, முக்கியமாகப் பெண்களின் முகத்தை, அவர்கள் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் கோப்பைத் திறக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பாக இருந்தாலும் சரி. போனில் வரும் மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். ரோனா வில்சன் கதை உங்களுக்கு நடக்காமலிருக்க, இருபது விபிஎன்னைவிட இந்த இரண்டு பழக்கங்கள் மேல்.

இதற்கெல்லாம் பிறகு, பொது வைஃபைக்காகவோ சிம் நிறுவனத்தின் கண்ணுக்காகவோ விபிஎன் வேண்டுமென்றால், யார் நடத்துகிறார்கள், எப்படிச் சம்பாதிக்கிறார்கள், வெளியாட்கள் தணிக்கை செய்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து காசு போட்டும் வாங்கலாம். விளம்பரத்தில் வந்த இலவச விபிஎன்னை இன்றே நீக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. போனில் எவ்வளவு பூட்டுப் போட்டாலும், சட்டத்தில் ஓட்டை இருந்தால் பூட்டு நிற்காது. 2025 டிசம்பரில் புதிய போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்ற உத்தரவு வெளியே தெரிந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே கட்டாயத்தைத் திரும்பப் பெற்றார்கள். எந்த விபிஎன்னாலும் அந்தச் செயலியைத் தடுத்திருக்க முடியாது. வெளிப்படையாகப் பேசியவர்கள் தடுத்தார்கள்.

நம் இயக்கத்துக்கும் அதுதான் வழி. மறைந்திருக்க வேண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சாதி கடந்து காதலிக்கும் தங்கை, ஆதிக்க சாதித் தெருவில் கடன் வாங்கிப் பிழைக்கும் குடும்பத்துப் பையன், சொந்த வீட்டிலேயே சாதியை எதிர்த்து எழுதும் பெண். அவர்கள் மறைவாக இருக்கும் உரிமையை நாம் காக்க வேண்டும். "பெயரைச் சொல்ல தைரியம் இல்லையா?" என்று அவர்களை யாராவது சீண்டினால், பெயரைச் சொல்லக்கூடிய நாம் முன்னால் போய் நிற்க வேண்டும். தென்முடியனூரிலும் செல்லங்குப்பத்திலும் அம்மாக்கள் பொங்கல் பானையோடு, முகம் மறைக்காமல், பட்டப்பகலில் நடந்து போனார்கள். ஒருவர் மட்டும் போயிருந்தால் குறி வைத்திருப்பார்கள். ஊரே சேர்ந்து போனதால் யாரை என்று குறி வைப்பது?

அந்தத் தம்பி இப்போது இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்த வரிசையில் என்று சொல்ல மாட்டேன். அவரைப் பாதுகாக்கப் போவது அவர் போனில் இருக்கும் சாவிப் படம் அல்ல, நாம்தான்.